சின்னண்ணை இருந்த தீவு

காற்று அடித்தால் அந்தத் தீவுக்குக் கப்பல் போகாது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஏதென்ஸ் துறைமுகத்தில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. வெயில் பளிச்சென்று எறித்தது. லண்டனில் ஒக்டோபரில் அப்படி ஒரு நாள் வந்தால் சனம் பார்க்கில் போய்ப் படுத்துவிடும். இங்கே கப்பல் கட்டிய கயிறு கட்டியபடியே கிடந்தது. டிக்கெட் கூண்டுக்குள் இருந்த பெண் ஆங்கிலத்தில் "காற்று" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். "நாளைக்கு?" என்று கேட்டேன். தோளைத் தூக்கிக் காட்டினாள்.

அடுத்த நாள் மத்தியானம்தான் கப்பல் வெளிக்கிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு மனுசி, எள்ளு ஒட்டிய வளையப் பாண் ஒன்றை இரண்டாக முறித்துப் பாதியை எனக்கு நீட்டினாள். விடுமுறைக்குப் போகிறாயா என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள். "இல்லை, அண்ணாவைப் பார்க்கப் போறன்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அதற்கு மேல் விளங்கப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

நான் போனது சின்னண்ணையின் புதைகுழியைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்பதற்கு.

நாங்கள் மூன்று பேர். பெரியண்ணை லண்டனில், கிங்ஸ்பரியில். நான் தோர்ண்டன் ஹீத்தில், ஒரு பார்மசியில் வேலை. நடுவில் பிறந்த சின்னண்ணை சிவநேசன், எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்து லண்டனுக்கென்று வெளிக்கிட்டவர். ஏதென்ஸ் வரை வந்து அங்கேயே நின்றுபோனார். பிறகு வேலை தேடி அந்தத் தீவுக்குப் போனார். தண்ணீர் இறைக்கும் மெசின் திருத்துவது அவருக்கு ஊரிலேயே கைவந்த வேலை. தீவில் ஆறு குளம் ஒன்றும் இல்லை. கிணறும் மழைத்தண்ணீர்த் தொட்டியும்தான். அதனால் அவருக்கு வேலை இல்லாத நாள் இருக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டார். லண்டனுக்கு வந்தது ஒரே ஒரு தரம், என் மகளின் கலியாணத்துக்கு. ஒன்பது நாள் நின்றார்.

கொரோனாவின் இரண்டாம் குளிர்காலத்தில் நெஞ்சு நொந்து செத்துப்போனார். எங்களுக்குப் போக வழியில்லை. எரிக்கத்தான் வேண்டும் என்று பெரியண்ணை நின்றார். ஆனால் அந்த நாட்டில் எரிக்கும் இடமே மருந்துக்கு ஒன்றுதான், அதுவும் கடல் தாண்டிப் பெருநிலத்தில். அந்த நாட்களில் அவ்வளவு தூரம் உடலைக் கொண்டுபோக முடியவில்லை. புதைத்தார்கள். நான் அதை போனில் பார்த்தேன். படம் அடிக்கடி உறைந்து நின்றது. மண் போடும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது.

அந்தத் தீவில் புதைகுழி ஒருவருக்கு நிரந்தரம் இல்லை. நிலம் காணாது. மூன்று நான்கு வருடம் போனதும் குழியைத் திறந்து, எலும்பை எடுத்துக் கழுவி ஒரு பெட்டியில் வைப்பார்கள். குழி அடுத்த ஆளுக்கு. இதை எழுதித்தான் அங்கத்தைய கவுன்சில் கடிதம் போட்டிருந்தது. விரும்பினால் குடும்பம் எலும்பை எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

பெரியண்ணைக்கு நெஞ்சில் ஒப்பரேசன் செய்து கொஞ்ச நாள்தான். விமானத்தில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"நீதான் போகவேணும் பிள்ளை," என்றார். "போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா. இங்கை முறையா எரிச்சு, கடல்லை கரைப்பம். ஐயரோடை கதைச்சிட்டன்."

கூட்டிக்கொண்டு வா என்றுதான் சொன்னார். கொண்டு வா என்று சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அப்பாவைக் கொண்டுபோனபோது நானும் அம்மாவும் படலையோடு நின்றுவிட்டோம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆண்களின் அலுவல். ஐம்பத்தெட்டு வயதில் முதல் முதலாகப் போகப்போகிறேன், அதுவும் தனியாக. சின்னண்ணை உயிரோடு இருந்தபோது ஒவ்வொரு கோடைக்கும் "வாறன் அண்ணை, வாறன்" என்று போனில் சொல்வேன். ஒரு தரமும் போகவில்லை. வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோதனை, பிறகு பேரப்பிள்ளை. ஒவ்வொன்றும் உண்மையான காரணம்தான்.

துறைமுகத்தில் இறங்கியபோது ஒரு பஸ் நின்றது. தீவுக்கு அது ஒன்றுதான். சாரதியிடம் விலாசம் எழுதிய கடுதாசியைக் காட்டினேன். கலியோப்பி என்ற பெண்ணின் வீடு. சின்னண்ணை அவளுடைய வளவுக்குள் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார். போனில் அவர் "வீட்டுக்காரி" என்று மட்டும்தான் சொல்வார்.

சாரதி கடுதாசியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நேசோ?" என்று கேட்டார். நான் நெஞ்சில் கைவைத்து "சிஸ்டர்" என்றேன். அவர் இஞ்சினை நிறுத்திவிட்டு எழும்பி, பஸ்சுக்குள் இருந்தவர்களைப் பார்த்து ஏதோ சொன்னார். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக என்னைப் பார்த்து ஒரே சொல்லைச் சொன்னார்கள். முட்டைத் தட்டை மடியில் வைத்திருந்த ஒரு கிழவர் எழும்பி நின்று சொன்னார். எனக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

பஸ் போன விதத்தைச் சொன்னால் லண்டனில் நம்ப மாட்டார்கள். ஒரு வீட்டுக்கு காஸ் சிலிண்டர் இறக்கினார்கள். ஒரு கடைக்கு மருந்துப் பொட்டலம் கொடுத்தார்கள். ஒரு வளைவில் ஆட்டுக் கூட்டம் போய் முடியுமட்டும் நின்றோம். பிறகு பள்ளத்தில் ஒரு சின்னச் சீமெந்துக் கட்டிடத்துக்கு முன்னால் சாரதி பஸ்சை நிறுத்தி, யன்னலைத் திறந்து, என்னைக் கேட்கச் சொல்லிக் காதில் கைவைத்துக் காட்டினார். உள்ளே ஒரு மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "நேசோ," என்றார். மோட்டர் சீராக ஓடியது. ஒரு நிமிடம்போல் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒருவரும் நேரம் போகிறதென்று முணுமுணுக்கவில்லை.

கடைசித் தரிப்பில் ஜில் காத்து நின்றாள். கவுன்சில் கடிதத்தை ஆங்கிலமாக்கி அனுப்பியவள் அவள்தான். அடக்கத்தன்று போனைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான். அறுபது வயதிருக்கும், வெயிலில் கறுத்த வெள்ளைக்காரி. பஸ்சில் நடந்ததைச் சொன்னேன்.

"அது செத்த வீட்டில் துக்கம் விசாரிக்கும் சொல்," என்றாள். "அப்போது அவர்களுக்கு அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. நேசோவின் சொந்தக்காரர் ஒருவரும் வரவில்லையே. இவ்வளவு காலமும் வைத்திருந்து இன்றைக்குச் சொல்லியிருக்கிறார்கள்."

அவள் என் பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தாள்.

கலியோப்பி படியில் நின்றாள். என்னை விட எட்டுப் பத்து வயது மூப்பு. தலையில் இருந்து கால்வரை கறுப்பு. என் இரண்டு கன்னத்தையும் கையால் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, ஜில்லிடம் ஏதோ சொன்னாள்.

"நெற்றி அவருடையது என்கிறாள்," என்றாள் ஜில்.

சாப்பாட்டுக்கு மஞ்சள் பருப்பு வைத்திருந்தாள். அங்கே விளையும் பருப்பு. அவித்து மசித்து, ஒலிவ் எண்ணெய் விட்டு, வெங்காயம் தூவித் தின்பார்களாம். ஆனால் எனக்கு வைத்த கோப்பையில் கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கிடந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கலியோப்பி கையால் தன் வாயை விசிறி, உறைப்பு என்று காட்டிச் சிரித்தாள். நான் மரக்கறிதான் சாப்பிடுவேன் என்று ஜில் மூலம் சொல்லியனுப்ப நினைத்திருந்தேன். தேவைப்படவில்லை. சின்னண்ணை வெள்ளிக்கிழமைகளில் மச்சம், மாமிசம் தொடமாட்டார். கலியோப்பிக்கும் தங்கள் சமயப்படி வெள்ளிக்கிழமை விரதம். அந்த ஒரு நாளில் இரண்டு பேருக்கும் ஒரே சட்டி என்று ஜில் சொன்னாள்.

அடுத்த நாள் முழுவதும் எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை. சின்னண்ணையின் வீட்டைப் பார்த்தேன். ஒரு அறை, ஒரு குசினி. சாவிகள், வோஷர்கள், பழைய மோட்டர்த் துண்டுகள், எல்லாம் தகர டின்களில் அளவு வாரியாக. ஆனால் அது ஒரு ஆள் படுத்தெழும்பும் வீடாகத் தெரியவில்லை. கட்டிலில் விரிப்பு இல்லை. கண்ணாடிக்கு முன்னால் சவர சாமான் இல்லை. பிறகு கலியோப்பியின் வீட்டுக் குளியலறைக்குப் போனபோது அங்கே அலுமாரித் தட்டில் அவர் இடுப்பில் கட்டும் சாரம் இரண்டு மடித்து வைத்திருந்ததைக் கண்டேன். பக்கத்தில் பிரஷ், கிண்ணம், மூக்குக் கண்ணாடி.

ஜில்லுடன் கடற்கரைப் பக்கம் நடக்கும்போது மெல்லக் கேட்டேன்.

"கலியோப்பியின் புருசன் கடலில் செத்துப்போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல்," என்றாள். "கொஞ்சக் காலம் கறுப்பு உடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். நான் இங்கே வந்த காலம் பச்சை, நீலம் எல்லாம் உடுத்துவாள். நேசோ செத்த அன்று திரும்பக் கறுப்பை எடுத்து உடுத்தாள். ஊர் முழுக்கப் பார்த்தது. ஒருவரும் கேட்கவில்லை."

முப்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக போனில் கதைத்தோம். "சாப்பிட்டியளோ அண்ணை?" என்று கேட்பேன். "ஓம், வீட்டுக்காரி தந்தவ" என்பார். நானும் அடுத்த கதைக்குப் போய்விடுவேன்.

ஜில் எங்கே பிறந்தவள் என்று கேட்டேன். குரொய்டன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டில் இருந்து பஸ்சில் பத்து நிமிடம். இங்கே வந்து கிட்டத்தட்ட இருபது வருடமாம். பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு வெளியேறியதும் அவளும் வெளிநாட்டுக்காரி ஆகிப்போனாள். வதிவிட அட்டைக்குப் பக்கத்துப் பெரிய தீவில் உள்ள அலுவலகத்துக்குப் போகவேண்டும். சின்னண்ணைதான் கூட்டிக்கொண்டு போனாராம்.

"அவருக்கு எல்லாம் தெரியும். முதல் யன்னலுக்குப் போகாதே, மூன்றாவதுக்குப் போ. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடு. படம் நான்கு. தண்ணீர்ப் போத்தல் ஒன்று. கோபப்படாதே. அங்கே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது வதனி. அந்த ஆள் என்னுடைய கடுதாசியைத் திருப்பித் தள்ளிவிட்டார். நேசோ என் தோளைத் தட்டி, 'இது முதல் நாள். முதல் நாளில் ஒருவருக்கும் கிடைக்காது' என்றார்."

குரொய்டனில் குடிவரவு அலுவலகத்துக்கு முன்னால் காலை ஆறு மணிக்குக் கைப்பிள்ளையோடு நான் வரிசையில் நின்றதைச் சொன்னேன். ஜில் நடப்பதை நிறுத்தினாள்.

"நான் அந்த வீதியால்தான் வேலைக்குப் போவேன். அந்த வரிசையைப் பார்த்திருக்கிறேன். எதற்காக நிற்கிறார்கள் என்று ஒருநாளும் ஒருவரிடமும் கேட்டதில்லை."

நாங்கள் திரும்பவும் நடந்தோம். கோடைச் சனம் போய்விட்ட கடற்கரை. கடைக்காரர்கள் கதிரைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை மயானத்துக்குப் போனோம். கடலைப் பார்த்த மேட்டில் வெள்ளைச் சுவர் எழுப்பிய சின்ன இடம். சின்னண்ணை ஞானஸ்நானம் பெறாதவர். அவரை அங்கே புதைக்க முதலில் மறுப்பு இருந்ததாம். மயானத்துக்குத் தண்ணீர் வந்ததே அவன் கையால்தான், அவன் எங்கே போவான் என்று ஊர்த் தலைவர் கேட்டாராம். அதோடு கதை முடிந்தது. அன்றைக்கும் பாதிரியார் வந்திருந்தார். அவர் செபம் சொல்லக்கூடாது. உள்ளே வராமல், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் கடைசிவரை நின்றார்.

தோண்டியவர் பெஸ்னிக் என்ற அல்பேனியர். அவரும் வெளியில் இருந்து வந்து அங்கே இருபது வருடமாகக் கல்வேலை செய்பவர். முதலில் மண்வெட்டி, பிறகு சின்னக் கரண்டி, பிறகு வெறுங்கை. நான் சுவரோரம் சைப்பிரஸ் மரத்தடியில் நின்றேன். கால் அதற்கு மேல் நகரவில்லை. படலையோடு நின்றுவிடும் கால்.

கலியோப்பி ஒரு பேசினில் வைன் ஊற்றினாள். எலும்பைக் கழுவுவது அங்கே பெண்களின் வேலை. வீட்டுப் பெண்கள்தான் செய்யவேண்டும். பையில் இருந்து ஒரு துணியை எடுத்துப் புல்லில் விரித்தாள். கரை போட்ட வேட்டி. மகளின் கலியாணத்துக்கு நான் எடுத்துக்கொடுத்தது.

பெஸ்னிக் இரண்டு கையாலும் தலையோட்டைத் தூக்கினார். கலியோப்பி அதை வாங்கி, மண்ணோடேயே நெற்றியில் கொஞ்சினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

முன்பல் ஒன்று பாதியாக இருந்தது.

ஊரில் எனக்குப் பத்து வயதாக இருக்கும். தோட்டத்தில் மெசினை ஸ்டார்ட் பண்ணும்போது கைபிடி திருப்பி அடித்து அந்தப் பல் உடைந்தது. சட்டை முழுக்க இரத்தம். "அம்மாட்டைச் சொல்லிப்போடாதை" என்று என் வாயைப் பொத்தினார். பெரியவரான பிறகும் அதைக் கட்டவில்லை. சிரிக்கும்போது நாக்கை அந்த இடத்தில் வைப்பார்.

நான் நடந்து போனேன். பேசினுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து கையை நீட்டினேன். கலியோப்பி தந்தாள். கனமே இல்லை.

இரண்டு பேரும் கழுவினோம். வைனின் புளித்த மணம், ஈர மண்ணின் மணம். வேறொன்றும் இல்லை. நான் பயந்தது ஒன்றும் அங்கே இருக்கவில்லை. கை எலும்பு, கால் எலும்பு, விரலின் சின்னச் சின்ன எலும்புகள். அவற்றைக் கலியோப்பி ஒன்று ஒன்றாகத் துடைத்து வேட்டியில் வெயிலுக்கு வைத்தாள். கழுவக் கழுவ வாய் ஓயாமல் அவருடன் பேசிக்கொண்டே இருந்தாள். ஏசுவதுபோலவும் இருந்தது. ஜில்லை நிமிர்ந்து பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு மெலிந்துபோனாய் என்று கேட்கிறாள்," என்றாள்.

எனக்குத் தெரிந்த தேவாரம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மறந்துபோனது. மறந்த இடத்தில் இருந்து திரும்பத் திரும்ப முதல் வரியையே சொன்னேன். கலியோப்பி பேசுவதை நிறுத்தி அதைக் கேட்டாள்.

எலும்பு காய்ந்ததும் தேன் நிறமாக வந்தது. அதைக் கலியோப்பி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். அந்த நிறம் வந்தால் நல்ல சீவன் என்பது அவர்கள் நம்பிக்கையாம். வெளியே ஊர்ச்சனம் நின்றது. கோதுமையை அவித்து, சீனியும் மாதுளை முத்தும் கலந்து எல்லோருக்கும் ஒவ்வொரு கை கொடுத்தார்கள். எங்கள் சனமானால் ஒருவரும் அங்கே வைத்து வாயில் தண்ணீரும் படவிட மாட்டார்கள்; வீட்டுக்குப் போய்த் தலை முழுகிய பிறகுதான் எல்லாம். நான் வாங்கித் தின்றேன்.

பெட்டியை மூடிய பிறகு கலியோப்பி அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள். ஜில் மொழிபெயர்த்தாள்: "லண்டனில் மூத்த சகோதரன் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இவர் உங்கள் வீட்டுப் பிள்ளை. கொண்டுபோ."

சொல்லிவிட்டு அவள் பேசினைக் கழுவப் போய்விட்டாள். எலும்புப் பெட்டிகள் வைக்கும் அறையில் அவள் சுவரில் ஒரு தட்டை ஏற்கெனவே துடைத்து, ஒரு எண்ணெய் விளக்கும் வைத்திருந்ததை நான் வரும்போதே கண்டிருந்தேன்.

நான்காம் நாள் கவுன்சில் அலுவலகம். எலும்பை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக எத்தனையோ கடுதாசி வேண்டும். இழுபடப்போகிறது என்று நினைத்துப் போனேன். எல்லாம் ஆயத்தமாக இருந்தது. ஜில் மாதக்கணக்காக அலைந்து செய்து வைத்திருக்கிறாள். சுகாதாரப் பத்திரம், முத்திரை, எல்லாம். என் கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். அலுவலகப் பெண் பேனையை என் பக்கம் தள்ளினாள்.

படிவத்தில் எழுதியிருந்ததை ஜில் வாசித்தாள். இறந்தவரின் பெயர். தொழில். நிரந்தர வதிவிடம்: இந்தத் தீவின் பெயர். கொண்டுபோகும் காரணம்: சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல். சொந்த நாடு: ஐக்கிய இராச்சியம்.

"அது அச்சடித்த படிவம்," என்றாள் ஜில். "வேறு காரணம் எழுத இடம் இல்லை."

லண்டனில் அவர் ஒன்பது நாள் நின்றார். ஐந்தாம் நாளே யன்னலடியில் நின்று, "எப்ப பிள்ளை என்ரை பிளைட்?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு மனம் நொந்தது. எங்களோடு இருக்கப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். அவருக்கு வீட்டு நினைவு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

"நான் கையெழுத்து வைக்காவிட்டால்?" என்று கேட்கச் சொன்னேன்.

அந்தப் பெண் கேள்வி விளங்காதவள் மாதிரிப் பார்த்தாள். "ஒன்றும் இல்லை," என்றாள். "எல்லோரையும்போல இங்கே இருப்பார்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பெரியண்ணை.

"என்ன பிள்ளை, அலுவல் சரியோ?"

"சரி அண்ணை. எல்லாம் நல்லபடி நடந்தது."

"எப்ப வந்து சேருறியள்?"

சேருறியள் என்றார். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து. "சனிக்கிழமை வாறன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பேனையைத் திருப்பிக் கொடுத்தேன்.

கலியோப்பி வீட்டு வாசலில் இருந்து பருப்புப் புடைத்துக்கொண்டு இருந்தாள். "அவர் இங்கேயே இருக்கட்டும்," என்றேன். ஜில் சொன்னாள். கலியோப்பியின் கை நின்றது. தலையைக் குனிந்தபடியே இருந்தாள். கறுப்பு மடியில் பருப்பு சிந்தியதைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு கேட்டாள்: "உன் சகோதரன் கோபப்படுவாரா?"

"ஓம்," என்றேன்.

ஜில் வாயைத் திறக்க முதல் கலியோப்பி, "ஓம், ஓம்," என்று சொல்லித் தலையை ஆட்டினாள். எங்கள் ஊர் ஓம். இருபது வருடம் கேட்டுப் பழகியது. எனக்கு அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. வந்து நாலு நாளாக வராத அழுகை. அவள் எழும்பி வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியை அன்று பின்னேரம் தட்டில் வைத்தோம். எல்லாப் பெட்டியிலும் படம் இருந்தது. கலியோப்பி சின்னண்ணையின் கடைசி வதிவிட அட்டைக்கு எடுத்த நாலு படத்தில் மிஞ்சிய ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டினாள். அலுவலகத்துக்கு எடுத்த படம், சிரிக்காமல் நேரே பார்க்கிறார். அதன்கீழ் அவர் பெயரைத் தமிழில் நான் எழுதினேன். கலியோப்பி விளக்கைக் கொளுத்தினாள்.

சனிக்கிழமை காற்று இல்லை. கப்பல் நேரத்துக்கு வந்தது.

லண்டனில் மழை. வீட்டுக்குப் போகாமல் நேரே கிங்ஸ்பரிக்குப் போனேன். போனில் சொல்லக்கூடிய விசயம் இல்லை. பெரியண்ணை கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். ஒரு கையில் உடுப்புப் பை. மற்றக் கையில் கலியோப்பி தந்துவிட்ட பருப்பு.

"எங்கை?" என்றார்.

கதிரையில் இருத்திவிட்டுத்தான் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கழுவியது, கலியோப்பி, சாரம், கையெழுத்து வைக்காதது. அவர் முகம் சிவந்தது.

"ஆரைக் கேட்டுச் செய்தனி? ஐயர் நாள் வைச்சாச்சு. ஊர் பேர் தெரியாத ஒருத்தியிட்டை என்ரை தம்பியை விட்டிட்டு வந்து நிக்கிறாய்! பொம்பிளையை அனுப்பினது என்ரை பிழை."

அண்ணி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஒப்பரேசன் செய்த நெஞ்சு. கத்தவேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருந்தது. அவர் எழும்பி யன்னல்வரை போனார், திரும்பி வந்தார், திரும்ப இருந்தார். பார்த்தால் கண்ணில் இருந்து நீர் வழிந்துகொண்டு இருந்தது. பெரியண்ணை அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான்தான் பிள்ளை அவனை அங்கை நில்லெண்டு சொன்னனான்," என்றார். "ஏதென்சிலை இருந்து போன் பண்ணினவன். அண்ணை, நான் அடுத்த கூட்டத்தோடை வெளிக்கிடட்டோ எண்டு கேட்டவன். எனக்கு அப்ப இங்கை அகதிக் கேஸ் முடியேல்லை. பயம். ஆறு மாசம் பொறு, நான் கூப்பிடுறன் எண்டனான். ஆறு மாசம் எண்டுதான் சொன்னனான். அவன் அதுக்குப் பிறகு ஒருநாளும் கேக்கேல்லை. நானும் கூப்பிடேல்லை. முப்பது வருசமா அங்கை பொறுத்துக்கொண்டு இருந்திட்டுச் செத்துப்போனானே."

இதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. அண்ணிக்குக்கூட. நான் கிட்டப் போய்க் கீழே இருந்து அவர் முழங்காலைப் பிடித்தேன்.

"அவர் பொறுத்துக்கொண்டு இருக்கேல்லை அண்ணை," என்றேன். "அங்கை வாழ்ந்தவர். நான் பாத்திட்டு வந்திருக்கிறன். அவருக்கு வீடு இருந்தது. ஊர் இருந்தது. பஸ்சிலை வந்த சனம் முழுக்க என்னட்டைத் துக்கம் கேட்டது. அந்த மனுசி இப்பவும் கறுப்புத்தான் உடுக்கிறா."

வெளியே மழை விட்டிருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்:

"அந்த மனுசிக்கு என்ன பேர் எண்டனி?"

"கலியோப்பி."

"காலி…?"

"கலியோப்பி அண்ணை."

வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் சரியாக வந்தது.